பாலியல் நலக் கேள்வித்தாள் பற்றி மாணவர்கள் எழுதித் தந்த கருத்துகள்: இதை எப்படிப் பகுப்பாய்வு செய்வது?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு எடுத்தது கல்லூரி மாணவர்களிடம் பாலியல் நலம் பற்றிக் கேட்கும் ஒரு கேள்வித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சரிப்பட்டு வருமா என்று பார்ப்பதுதான் வேலை. அவர்கள் டிக் போட்ட பதில்கள் எனக்கு இப்போதைக்கு முக்கியமில்லை, கேள்வித்தாளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதுதான் என் டேட்டா.

கடலூரில் இரண்டு கல்லூரி, புதுச்சேரி எல்லைக்குள் ஒன்று. வகுப்பறையிலேயே கொடுத்து வாங்கினேன். கடைசியில் ஒரு தனித்தாள்: எது புரியவில்லை, எது சங்கடமாக இருந்தது, இன்னும் என்ன கேட்கலாம். அப்புறம் ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகச் சில குழுப் பேச்சு, அதையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது மேஜை முழுக்கத் தாள். பாதிக்கு மேல் "நல்லா இருக்கு", "ஓகே மேம்", அல்லது வெறும் தாள். மிச்சத்தில் எல்லாம் கலந்து கிடக்கிறது. "இதையெல்லாம் யார் படிப்பாங்க?" என்று ஒன்று. "கல்யாணம் ஆகாதவங்ககிட்ட இதைக் கேக்கலாமா?" என்று ஒன்று. "துணைன்னா யாரு, ஹாஸ்டல் ரூம்மேட்டா?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். பையன்கள் சிலர் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், என்ன படம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளில் மட்டும், "பத்தாவது படிக்கும்போது எனக்கு ஒண்ணு நடந்தது, நானா விரும்பி இல்ல, அதை முதல் அனுபவம்னு எந்தக் கட்டத்துல போடுறது" என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

கைடு "இத்தனை சதவீதம் பேர் புரியவில்லை என்றார்கள், இத்தனை சதவீதம் பேர் சங்கடம் என்றார்கள் என்று டேபிள் போட்டு முடி" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நானாக மூன்று தீம் (கருத்துகளுக்குள் ஓடும் பொதுவான இழை) பிரித்து வைத்திருக்கிறேன்: புரியாத கேள்விகள், சங்கடமான கேள்விகள், பரிந்துரைகள். இது போதுமா? வெறும் தாளையும் படம் வரைந்த தாளையும் என்ன செய்வது? சாட்ஜிபிடியில் போட்டால் கோடிங் (ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு குறிச்சொல் போடுவது) செய்து தருமாமே, செய்யலாமா?

முத்தியால்பேட்டை

தங்கச்சி, அது தீம் இல்லை. நீங்கள் தாளில் கேட்ட மூன்று கேள்வியைத்தான் தலைப்பாக மாற்றி எழுதியிருக்கிறீர்கள், ஒரு தாளைக்கூடப் பிரித்துப் படிக்காமலே இந்த மூன்றையும் எழுதியிருக்கலாம். பிரவுன், கிளார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய தீமாட்டிக் அனாலிசிஸ் (தீம் கண்டெடுக்கும் முறை) கட்டுரையை எல்லாத் தீசிஸிலும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆறு படிநிலையையும் வரிசையாக ஒப்பிக்கிறார்கள், கடைசியில் வந்து நிற்பது இந்த மாதிரித் தலைப்புப் பட்டியலில். அந்த இருவருமே பிறகு எழுதியதில் திரும்பத் திரும்பக் குறை சொல்வது இதைத்தான்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே குவியலாகத் தெரிந்தாலும் அதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, கேள்வித்தாளை ரிப்பேர் செய்வது. இன்னொன்று, இந்த வயதுப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு தாளை நீட்டினால் அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொள்வது. இரண்டையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்கினால் இரண்டும் கெட்டுவிடும்.

ரிப்பேருக்கு எக்செல் போதும். ஒரு கேள்விக்கு ஒரு வரிசை. அந்தக் கேள்வியைப் பற்றி யார் என்ன சொன்னாலும், குழுப் பேச்சில் சொன்னதும் சேர்த்து, அந்த வரிசையில் அவர்கள் வார்த்தையிலேயே. பக்கத்தில், கோளாறு எங்கே என்று ஒரு குறிப்பு. ஒருவர் பதில் சொல்வதை டூரான்ஜோ என்ற ஆய்வாளர் 1984-இல் பிரித்த நான்கு கட்டம் இதற்கு இன்றும் உதவும்: கேள்வி புரிவது, நினைவிலிருந்து எடுப்பது, எதைச் சொல்லலாம் என்று தீர்மானிப்பது, தாளில் கொடுத்த பெட்டிகளில் பதிலைப் பொருத்துவது. "துணைன்னா ரூம்மேட்டா" முதல் கட்டக் கோளாறு, "காதலன், காதலி, கணவன், மனைவி, அல்லது உங்களோடு உடலுறவு கொண்ட யாரும்" என்று விரித்து எழுதினால் தீர்ந்தது. "கடந்த 3 மாதங்களில்" என்று எங்காவது கேட்டிருந்தால் அது இரண்டாவது கட்டத்தில் உதைக்கும். மாணவர்கள் மாதக் கணக்கில் யோசிப்பதில்லை, செமஸ்டர், பொங்கல் லீவு, ஸ்டடி ஹாலிடேஸ் என்றுதான் யோசிக்கிறார்கள், கேள்வியும் அப்படியே கேட்கலாம்.

நான்காவது கட்டத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "கடைசி முறை ஆணுறை பயன்படுத்தினீர்களா? ஆம் / இல்லை" என்று கேட்டிருந்தால், இதுவரை உறவே கொள்ளாதவர் எதில் டிக் போடுவார்? "இல்லை" என்பதில்தான். நாளைக்கு யாரோ அதைக் கூட்டிக் கழித்து, கடலூர் மாணவர்கள் பாதுகாப்பில்லாமல் உறவு கொள்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள்.

மூன்றாவது கட்டம் இருக்கிறதே, எதைச் சொல்லலாம் என்று தீர்மானிப்பது, அங்கேதான் உங்கள் இரண்டாவது வேலை தொடங்குகிறது. "இதையெல்லாம் யார் படிப்பாங்க", "கல்யாணம் ஆகாதவங்ககிட்ட கேக்கலாமா" இரண்டும் சங்கடம் என்ற ஒரே பெட்டிக்குள் போகாது. முதலாமவர் பதில் சொல்லத் தயார், தாள் எங்கே போகிறது என்பதுதான் அவர் கவலை. இரண்டாமவருக்குக் கேள்வியைக் கையில் வாங்கினதே தன் மானத்துக்கு இழுக்கு. ஒருவருக்குத் தாளைப் போட்டு ஒட்ட ஓர் உறை வேண்டும், இன்னொருவருக்கு "ஏன் எல்லோரிடமும் கேட்கிறோம்" என்று முன்னால் நான்கு வரி வேண்டும். இப்படிப் பிரிந்து வருவதுதான் தீம்.

கோடிங்கைத் தமிழிலேயே செய்யுங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யாதீர்கள், பாதிச் சாறு வடிந்துபோகும். இதற்கான மென்பொருளில் டாகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம், என்விவோவுக்குக் காசு கொட்ட வேண்டாம். சாட்ஜிபிடியில் ஏற்றாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் "இந்த ஆய்வுக் குழு மட்டும் பார்க்கும்" என்று நிச்சயம் எழுதியிருப்பீர்கள், அந்தப் பத்தாவது வகுப்புத் தாளைக் கொண்டுபோய் எவனோ ஒருவனுடைய சர்வரில் போடுவது அந்த வாக்கை மீறுவது.

சராசரி_சங்கர்

எண்ணிக்கை எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? எனக்குக் குவாலிடேட்டிவ் ஆட்கள் (எண்ணை விட்டுப் பேச்சை, எழுத்தை வைத்து ஆய்வு செய்கிறவர்கள்) மேல் இருக்கும் வருத்தமே இதுதான், ரெண்டு பேர் சொன்னதை "பங்கேற்பாளர்கள் உணர்ந்தனர்" என்று பன்மையில் எழுதிவிடுவது. கைடு டேபிள் கேட்டால் டேபிள் கொடுங்கள், வைவாவில் நிற்கப்போவது நீங்கள்தான்.

முத்தியால்பேட்டை

சங்கர் சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கேள்வியை எத்தனை பேர் பதில் எழுதாமல் தாண்டினார்கள் என்று எண்ணுங்கள், அது எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த கேள்வி, எண்ணினால் அர்த்தம் உண்டு. அதை அந்த எக்செல் வரிசையிலேயே சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் விருப்பப்பட்டால் எழுது என்று கொடுத்த தாளில் ஐந்து பேர் ஒன்றை எழுதினால், எழுதாத மற்றவர்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று ஆகிவிடாது. அதற்குச் சதவீதம் போட்டால் கீழே போடும் எண்ணுக்கு என்ன பொருள்?

ஆலோசகர்_கடலூர்

நான் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன், எச்ஐவி பரிசோதனைக்கு வருகிறவர்களோடுதான் தினமும் பேச்சு. கேள்வியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், ரூமைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான்கு பேர் நெருக்கி உட்காரும் பெஞ்ச். மேடையில் ஒரு லெக்சரர். இப்படி ஒரு கேள்வித்தாள் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "இதுவரை உடலுறவு கொண்டதுண்டா? இல்லை என்றால் கேள்வி 31-க்குச் செல்லவும்" என்று இருக்கும் அல்லவா? இல்லை என்றவர்கள் சரசரவென்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். யாராவது ஒருவர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் போதும், பின்பெஞ்சிலிருந்து "டேய், இன்னும் எழுதுறான்டா" என்று ஒரு குரல், ரூமே சிரிக்கும். அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா, எழுதினதையெல்லாம் அடித்துவிட்டு "இல்லை" என்று மாற்றிவிட்டுத் தாளைக் கொடுத்தான். இங்கே எந்த வார்த்தையைத் திருத்தி என்ன பிரயோஜனம்? தாண்டிப் போகிறவர்களுக்கும் அதே நீளத்துக்கு வேறு கேள்வி வையுங்கள், தூக்கம், சாப்பாடு, போன் பழக்கம் என்று ஏதாவது. எல்லோரும் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்மாதிரி இருக்கிறது. 2006-07-இல் ஐஐபிஎஸ், பாப்புலேஷன் கவுன்சில் என்ற இரண்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து ஆறு மாநிலத்தில் இளைஞர்களிடம் பெரிய ஆய்வு நடத்தினார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. நேரில் எல்லாம் கேட்ட பிறகு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி மட்டும் ஒரு சீட்டில் குறித்து உறையில் ஒட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1998-இல் வந்த ஓர் ஆய்வில், ஹெட்போனில் கேள்வியைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தானே பதில் போட்ட பையன்கள், தாளில் எழுதினவர்களைவிட இந்த மாதிரி விஷயங்களைக் கூடுதலாகச் சொன்னார்கள். பையன்களும் கேள்விகளும் அதே மாதிரிதான், கேட்ட விதம் மட்டும்தான் வேறு.

அதனால் "யார் படிப்பாங்க" என்ற தாளை எந்த ரூமில் வாங்கினீர்கள், யார் மேற்பார்வை, பெஞ்ச் எப்படி இருந்தது என்று உங்கள் டைரியில் இருந்தால் அதோடு சேர்த்துப் படியுங்கள். வெறும் தாளையும் அப்படித்தான். ஒரு வகுப்பில் மட்டும் மொத்தமாக வெறும் தாள் வந்திருக்கிறது என்றால் அங்கே என்னவோ நடந்திருக்கிறது.

இன்னொன்று. முதலாம் ஆண்டு மாணவர்கள் இருக்கிறார்களா? சேரும்போது பலருக்குப் 17 வயதுதான். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் எழுத்துபூர்வ இசைவும் வேண்டும், எதிக்ஸ் கமிட்டி (ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு) விலக்கு கொடுத்திருந்தால் தவிர. பிறந்த தேதியைச் சரிபாருங்கள்.

அந்த ஒரு தாளைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன், இதோடு கலக்க வேண்டாம்.

மூன்றாம்_பெஞ்ச்

நான் ஸ்டூடண்ட், இந்த மாதிரி ஒரு தாளை ஃபில் பண்ணியிருக்கிறேன் (உங்களுடையதா என்று தெரியாது அக்கா). "நல்லா இருக்கு" என்று எழுதினவர்களில் நானும் ஒருத்தி, ஏன் என்று சொல்லவா?

முதல் காரணம் பஸ். கடைசி பீரியடில் கொடுத்தால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் எழுதுவோம்.

ரெண்டாவது, பேர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்திலேயே டிபார்ட்மெண்ட், வருடம், ஊர், சமூகம், அப்பா என்ன வேலை, ஹாஸ்டலா வீடா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வகுப்பில் அந்த ஊரிலிருந்து வருகிற பெண் நான் ஒருத்திதான். இதைவிடப் பேரையே கேட்டிருக்கலாம். அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே மீதி எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று போட்டுவிட்டேன். கருத்துத் தாளில் இதை எழுதலாம் என்று நினைத்தேன், எழுதினால் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

மூணாவது, நாற்பது கேள்வியும் நோய், கர்ப்பம், ஆணுறை, நோய். பிரேக்கப் ஆனால் பழைய போட்டோவை வைத்து மிரட்டுவது பற்றி ஒரு வரி இல்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் அவன் விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்கிற பயம், இது பற்றி ஒன்றும் இல்லை. எங்கள் ஹாஸ்டலில் ராத்திரி பேசுவது முழுக்க இதுதான். பசங்களுக்குக் கைப்பழக்கம் பற்றி எவ்வளவு பயம் தெரியுமா, பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிற நரம்புத் தளர்ச்சி நோட்டீஸைப் படித்துவிட்டு. அதைக்கூடக் கேட்கவில்லை.

முத்தியால்பேட்டை

கெடிலக்கரை, மேலே இருப்பதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கு" என்பதற்குள் பஸ்ஸும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது. அதைப் பாராட்டு என்று எண்ணி டேபிளில் போட்டால், கேள்வித்தாளை மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொய்யான முடிவு வரும்.

மூணாவதாகச் சொன்னது உலகம் முழுக்கப் பிள்ளைகள் சொல்வதுதான். 2016-இல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ ஆய்விதழில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது, பள்ளியில் நடத்தும் பாலியல் கல்வி பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று. உடற்கூறு மாதிரி நடத்துகிறார்கள், எச்சரிக்கைதான் அதிகம், நடத்துகிறவருக்கே கூச்சம். உங்கள் தாள்களிலும் இது இருந்தால் பரிந்துரை என்ற தலைப்பில் கடைசியாக ஒதுக்காதீர்கள். கேள்வித்தாள் எதை விட்டுவிட்டது என்பது அதை எழுதினவர்கள் இளைஞர்களை என்னவாகப் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும், உங்கள் தீசிஸின் வலுவான அத்தியாயம் அதுவாகக்கூட இருக்கலாம்.

"இதெல்லாம் கேட்கலாமா" என்று டிபார்ட்மெண்டில் யாராவது குதித்தால் ஒரு தகவல்: பிரிட்டனில் முதல் தேசியப் பாலியல் நடத்தை ஆய்வுக்கு 1989-இல் தாட்சர் அரசு பணம் தர மறுத்தது, வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கொடுத்துத்தான் நடந்தது. நம்மூரில் மட்டும் உள்ள கூச்சம் இல்லை இது.

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. முதல் பக்கத்தில் நானும் ஊரும் டிபார்ட்மெண்டும் கேட்டிருக்கிறேன், அது ஒரிஜினலிலேயே இருந்தது. ஊரை எடுத்துவிட்டு நகரம் / கிராமம் என்று மட்டும் வைக்கப்போகிறேன். படம் வரைந்த பையன்கள் தாள் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒருவன் "மேடம் உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, உங்க பதில் என்ன" என்று எழுதியிருக்கிறான்.

முத்தியால்பேட்டை

தூக்கிப் போடாதீர்கள். அவன் கேட்டது நக்கல்தான், ஆனால் நக்கலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: நீ மட்டும் கேட்பாய், நான் மட்டும் சொல்லணுமா? குழுப் பேச்சில் ஆண்கள் பக்கம் எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று குறித்திருப்பீர்கள், அந்த இடங்களோடு இந்தத் தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாத விஷயத்தில்தான் சிரிப்பார்கள். அதற்காக எல்லாப் படத்துக்கும் ஆழ்ந்த பொருள் தேட வேண்டாம், சிலது வெறும் குறும்பு.

ஆலோசகர்_கடலூர்

அந்தத் தாள். கையெழுத்தை வைத்து யார் என்று தேடாதீர்கள், எந்த வகுப்பு என்று லெக்சரரிடம் வாயைத் திறக்காதீர்கள். போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த யாரும் தகவல் தர வேண்டும் என்கிறது, தராவிட்டால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. தாளில் பெயர் இல்லை, எழுதினவர் இப்போது வயது வந்தவராக இருக்கலாம், அப்படியானால் உங்களுக்கு என்ன கடமை என்பதை நீங்களும் கைடும் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்யக் கூடாது. எதிக்ஸ் கமிட்டிக்கு இன்றைக்கே எழுதுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தீசிஸில் அந்த வரியை அப்படியே மேற்கோளாகப் போட வேண்டாம், எழுதினவரைத் தெரிந்த யார் கண்ணிலாவது பட்டால் அடையாளம் தெரிந்துவிடும்.

பகுப்பாய்வு என்று பார்த்தால், அந்த ஒரு வரி கேள்வித்தாளின் அஸ்திவாரத்தையே கேட்கிறது. "முதல் அனுபவம் எந்த வயதில்" என்று கேட்கிறவர்கள் எல்லா அனுபவமும் விரும்பி நடந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். விருப்பத்தோடா, கட்டாயமா என்று அதற்கு முன்னால் தனியாக ஒரு கேள்வி வேண்டும், "சொல்ல விரும்பவில்லை" என்ற கட்டத்தோடு. ஒருவர்தான் எழுதினார் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை (சங்கர் சார் மன்னிக்கவும்).

அப்புறம், நீங்கள் போன எல்லா வகுப்புக்கும் திரும்பப் போய், எல்லோருக்கும் ஒரு சீட்டுக் கொடுங்கள். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. அந்த ஒருவருக்காக என்று தெரியாமல் அந்த ஒருவர் கைக்கும் போய்ச் சேரும்.

சராசரி_சங்கர்

மன்னிப்பெல்லாம் எதற்கு, அந்தத் தாள் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஒன்று மட்டும்: கேள்வியைத் திருத்தினால் திருத்திய தாளை எதிக்ஸ் கமிட்டிக்குத் திரும்பக் காட்டி அனுமதி வாங்காமல் இரண்டாவது சுற்றுக்குப் போகாதீர்கள். அதற்கே நாள் பிடிக்கும், இப்போதே விண்ணப்பம் போடுங்கள்.

மூன்றாம்_பெஞ்ச்

அக்கா, அந்தச் சீட்டில் இந்த மூணு நம்பர் மட்டும் போடாதீங்க. எங்க வீட்டில் பையைத் துழாவுவாங்க. 108, ரத்த வங்கி, எக்ஸாம் செல் நம்பர், ஸ்காலர்ஷிப் ஆபீஸ் எல்லாம் போட்டு நடுவில் இதையும் போடுங்க, ஐடி கார்டு பின்னாடி வைக்கிற சைஸில் இருந்தால் நாங்களே பத்திரமா வைத்துக்கொள்வோம்.